பைட்டிலிருந்து எழுத்துக்கு

நண்பர்களே, 224, 174, 149. ஃபைலிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ இந்த மூன்று பைட்டுகள் உங்கள் பைத்தான் நிரலுக்கு வந்து சேர்கின்றன. இவற்றை எழுத்தாக்க வேண்டும். பலரும் என்ன செய்கிறார்கள்? எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் சிஎச்ஆர் ஃபங்ஷனை எடுத்து, லூப் போட்டு, ஒவ்வொரு பைட்டாக அதற்குக் கொடுக்கிறார்கள். திரையில் வருவது தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் ஏ, வட்டத்துக்குள் ஓர் ஆர், அப்புறம் கண்ணுக்கே தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி. வர வேண்டியதோ ‘க’.

சிஎச்ஆர் மேல் தப்பில்லை. அது கேட்பது பைட்டை அல்ல, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்திருக்கும் யூனிகோடு அட்டவணையில் அந்த எழுத்துக்குள்ள எண்ணை. ‘க’வின் எண் 2965. ஒரு பைட்டில் 255க்கு மேல் அடங்காது. அதனால்தான், யூனிகோடு எண்ணைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 அதை மூன்று பைட்டுகளாகப் பிரித்து வைக்கிறது. கையாலேயே கணக்குப் போடுவோம். 224, 128 இரண்டும் பைட்டின் இடத்தைக் காட்டும் அடையாளங்கள்; முதலில் அவற்றைக் கழிக்க வேண்டும். முதல் பைட்டில் 224ஐக் கழித்தால் மிச்சம் 0. இங்கே அதற்கு வேலையில்லை. மற்ற இரண்டிலும் 128ஐக் கழித்தால் 46, 21. 46ஐ 64ஆல் பெருக்கினால் 2944; யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி தொடங்குவதே அந்த எண்ணில்தான். அதோடு 21ஐக் கூட்டுங்கள், 2965. ஒருமுறை தாளில் இதைப் போட்டுப் பாருங்கள், யுடிஎஃப்-8 மேல் இருக்கும் பயமே போய்விடும்.

நிரலில் இந்தக் கணக்கை நீங்கள் எழுத வேண்டாம். மூன்று எண்களையும் ஒரு லிஸ்டாக்கி பைத்தானின் பைட்ஸ் ஃபங்ஷனிடம் கொடுங்கள். கிடைப்பதை யுடிஎஃப்-8 என்று சொல்லி டீகோட் செய்யுங்கள். ‘க’ வந்துவிடும். ‘கி’ வேண்டுமென்றால் பின்னாலேயே இகரக் குறிக்கான 224, 174, 191 சேர வேண்டும். பார்வைக்கு ஓர் எழுத்து. பைத்தான் எண்ணும் நீளம் 2, பைட்டுகள் 6.

சரி, பெரிய ஃபைலை 1024 பைட்டுகளாக வெட்டிப் படிக்கும்போது என்ன ஆகும்? 1024 மூன்றால் வகுபடாது. ஏதோ ஓர் எழுத்தின் நடுவில் வெட்டு விழும், டீகோட் பிழை காட்டி நிற்கும். உடனே, பிழையான பைட்டுகளை விட்டுவிடச் சொல்லும் ‘இக்னோர்’ போட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிழையோடு எழுத்தும் போய்விடும். யாரோ ஒருவர் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. கோடெக்ஸ் மாட்யூலில் இன்கிரிமென்டல் டீகோடர் இருக்கிறது. அரைகுறையாக வந்த பைட்டுகளை அது பிடித்து வைத்திருந்து, மீதி வந்ததும் சேர்த்து எழுத்தாக்கும். கடைசித் துண்டைக் கொடுக்கும்போது மட்டும் ஃபைனல் என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள். ஃபைல் எழுத்தின் பாதியில் அறுந்திருந்தால் அப்போதுதான் அது சொல்லும்.