எழும்பூர் மணலும் பதினாறு வாரமும்

அவைத்தலைவர் அவர்களே, முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, முன்வரிசையைக் காலியாக விட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர்களே, வணக்கம். வாழ்த்துரை முடிந்ததும் காரேறிவிடாமல் இருக்கும் துணைவேந்தர் அவர்களுக்குத் தனி நன்றி.

கிராமப் பள்ளிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உள்ள உறவு பற்றி மூன்று செய்திகள்: வரலாறு, பயிற்சிக் காலம், நிதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, கொடியிலிருந்தே தொடங்குகிறேன்.

எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1789-இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். தாள் வேண்டாம், மை வேண்டாம். தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு! தம் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். 'நடக்காது' என்றார் அவர். பெல் வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வேலையை ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதது பொடியனால் ஆயிற்று. (கைதட்டல்) மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாணவன், நம் சட்டாம்பிள்ளை, பார்த்த வேலைதானே ஐயா அது? 1797-இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. திண்ணை கற்றுக்கொடுத்தது, சீமை கற்றுக்கொண்டது.

இன்று? நமக்கு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் வந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளால் பி.எட். இரண்டாண்டாயிற்று, பள்ளி அனுபவம் 20 வாரம், அதில் 16 இரண்டாம் ஆண்டில். நல்ல விதி. ஆனால் அந்த 16 வாரத்துக்குள் பள்ளித் தேர்வு வந்தால், பயிற்சி மாணவர் தேர்வறை மேற்பார்வைக்கும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவுக்கும் போய்விடுகிறார். பாடத்திட்டக் குறிப்பேடு மட்டும் நிரம்புகிறது. ஏட்டுச் சுரைக்காய்!

அவர் 45 நிமிடப் பாடம் எழுதி வருகிறார், ஒரே வகுப்புக்கு. கிராமத்தில் ஓர் ஆசிரியர் விடுப்பென்றால் ஆறும் ஏழும் ஒரே அறை. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு கொடுத்துவிட்டு ஆறாம் வகுப்பை வாசிக்க வைக்க வேண்டும்; கால் மணிக்கொருமுறை மாற்ற வேண்டும். கணக்கைச் சீக்கிரம் முடித்தவனுக்கு அடுத்த வேலை தயாராக இல்லையென்றால் அறை கலைந்துவிடும். இது அந்த ஊர் ஆசிரியருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொல்லிக்கொடுப்பவர் அவர், மதிப்பெண் போடுபவரோ இரண்டு வகுப்பை எட்டிப் பார்த்துப் போகும் பி.எட். கல்லூரி விரிவுரையாளர்.

நிதி பற்றிப் பேச நேரமில்லை; தலைவர் மணியடித்துவிட்டார். துணைவேந்தர் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பயிற்சிக் கால மதிப்பெண்ணில் பாதியைக் கிராமப் பள்ளி ஆசிரியர் கையில் கொடுங்கள். வருகிற கல்வியாண்டிலேயே கொடுங்கள்.