ஃபாலோயர் வேறு, வாடிக்கையாளர் வேறு

நேயர்களுக்கு வணக்கம். சமூக ஊடக வியாபாரம் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று பேச நிலையத்தார் அழைத்தார்கள். சேலம் வட்டாரத்தில் ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதில் சேலை விற்கும் பெண்கள்தான் அதிகம். அதனால் இன்றைய பேச்சும் சேலையை விட்டு அதிகம் நகராது. ஊறுகாயோ சோப்போ விற்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்று ஓர் ஊர். தறிச் சத்தத்துக்கும் மொத்த வியாபாரச் சேலைக் கடைகளுக்கும் பேர்போனது. இப்போது பல கடைகளில் ஒரு மூலையில் ரிங் லைட்டும் போன் ஸ்டாண்டும் நிற்கின்றன. லைவ், அதாவது நேரலை வீடியோ, தொடங்கியதும் விற்பவர் ஒரு சேலையைப் பிரித்துத் தோளில் போடுகிறார். உடல், பார்டர், முந்தானை, பிளவுஸ் துணி என்று வரிசையாகக் காட்டுகிறார். அட்டையில் எழுதிய, அந்தச் சேலைக்கான அடையாள எண்ணைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து விலையைச் சொல்கிறார். பார்க்கிறவர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். யாருடைய பணம் முதலில் வந்து சேர்கிறதோ அவருக்குச் சேலை. மற்றவர்களுக்கு 'சோல்டு' என்று பதில் போகும். அதற்குள் அடுத்த சேலை தோளுக்கு ஏறியிருக்கும்.

2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே ஆண்டில்தான் யூபிஐயும் வந்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. போன், வங்கிக் கணக்கு, பக்கத்தில் ஒரு கொரியர் ஆபீஸ், இவ்வளவு இருந்தால் வீட்டுக் கூடமே கடையாகிவிடும் என்ற நிலை உருவானது. 2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ என்ற விற்பனைச் செயலி முதலில் வளர்ந்ததும் இந்த வீட்டுப் பெண்களை நம்பித்தான். சரக்கின் படத்தைத் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, விலையில் உன் லாபத்தைச் சேர்த்துக்கொள் என்பதுதான் ரீசெல்லிங்.

அந்த வழி இன்று நெருக்கடியில் இருக்கிறது. உற்பத்தி செய்பவரே லைவில் வந்து 'சிங்கிள் பீஸும் ஹோல்சேல் விலைக்கே' என்கிறார். அவர் போட்ட படத்தை வாங்கி, 100 ரூபாய் கூட்டி, ஸ்டேட்டஸில் வைப்பவரிடம் வாடிக்கையாளர் எதற்காக வாங்க வேண்டும்? என் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்கிறேன்: படத்தை ஃபார்வர்டு செய்வது மட்டும் இனி தொழில் ஆகாது. தானே தேர்ந்தெடுத்து, உடுத்திக் காட்டி, 'இந்தத் துணி மதுரை வெயிலுக்குத் தாங்காது, கல்யாண ரிசப்ஷனுக்குச் சரி' என்று சொல்லத் தெரிந்தவர் நிற்கிறார். அவரிடம் வாங்குபவர்கள் அந்தத் தேர்வுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, நாம் எங்கே கடை போட்டிருக்கிறோம் என்பது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. பல மாதம் உழைத்துச் சேர்த்த ஃபாலோயர்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போனார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். அங்கே போய் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அப்போது தடுமாறாமல் நின்றவர்கள், வாங்கியவர்களின் போன் நம்பரைத் தனியாகக் குறித்து வைத்திருந்தவர்கள்தான். தடை என்றில்லை, செயலியின் முதலாளி ஒரு விதியை மாற்றினாலே போதும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. வியாபாரப் பக்கங்கள் போடுவது கண்ணில் படுவது குறைந்துபோனது. அடுத்த வீட்டுத் திண்ணையில் கடை போட்டவர், வீட்டுக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துதான் ஆக வேண்டும்.

அதற்காகத் திண்ணையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புது முகங்கள் அங்கேதான் கிடைப்பார்கள். முன்பு ஃபாலோயர்களுக்குத்தான் நம் பதிவு போகும். இப்போது ரீல்ஸும் ஷார்ட்ஸும் நம்மைத் தெரியாதவர்களிடமே பெரும்பாலும் போய்ச் சேர்கின்றன. எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பது முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லி வருகிறார். 'அக்கா, இதைப் பாரு' என்று ஒரு தங்கை அனுப்பத் தோன்றும் வீடியோதான் பரவும். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது நேரடி நஷ்டம். அந்தக் கணக்குகள் எதையும் பார்க்காது. யாரும் பார்க்காத பதிவை மேலும் பலருக்குக் காட்ட எந்தச் செயலிக்கும் காரணம் இருக்காது.

ரீல்ஸில் வந்த புது முகம் ஒருமுறை வாங்கிவிட்டால், அப்புறம் அவரை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். மற்றவர்களுக்குப் போகவே போகாது. அதனால் பார்சலுக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: 'இந்த நம்பரை இந்தப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், புது வரவை முதலில் உங்களுக்குக் காட்டுகிறோம்'. கூடவே ஒரு நோட்டில் பெயர், ஊர், என்ன நிறம் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்று எழுதி வையுங்கள். வளைகாப்புக்குப் பச்சைச் சேலை வாங்கியவருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரும் சமயத்தில் ஒரு செய்தி அனுப்பினால், அதை அவர் விளம்பரமாகவே நினைக்க மாட்டார். காலையிலும் மாலையிலும் நாற்பது படம் அனுப்புபவரைத்தான் பிளாக் செய்கிறார்கள்.

இனி, எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான விஷயம். 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் இணையத்தில் 600, 700 ரூபாய்க்குச் சேலைகள் விற்கின்றன. அந்த விலைக்குச் சுத்தப் பட்டு வராது. அது செயற்கை இழை. செயற்கை இழைச் சேலை விற்பதில் தவறே இல்லை; துவைக்கச் சுலபம், தினம் உடுத்தலாம், நிறைய குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. ஆனால் அதைப் பட்டு என்று சொல்லி விற்கும்போது காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியில் உட்கார்ந்து நெய்பவரின் கூலியில் கை வைக்கிறோம். உண்மையான பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். பட்டு விற்பவர்கள் இதை லைவிலேயே செய்து காட்டலாம். 2004 முதல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் சில்க் மார்க் என்ற சுத்தப் பட்டுக்கான முத்திரை இருக்கிறது. சேலையில் அது இருந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நெசவாளர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: குழித்தறியில் உட்கார்ந்தபடியே போனை வையுங்கள். ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவதையும், உடலையும் பார்டரையும் இணைக்கும் கோர்வை போடும்போது இரண்டு பேர் சேர்ந்து நெய்வதையும் காட்டுங்கள். 600 ரூபாய்ச் சேலைக்காரரால் அந்த வீடியோவை எடுக்க முடியாது.

இதே காரணத்தால்தான் புதிதாக வந்திருக்கும் ஏஐ படங்களைப் பார்த்து எனக்குக் கவலையாக இருக்கிறது. சேலையை மேசையில் வைத்து ஒரு போட்டோ எடுத்தால், மாடல் உடுத்தியது போல ஏஐ படம் செய்து கொடுக்கிறது. செலவு மிச்சம், சரி. ஆனால் அந்தப் படத்தில் துணி விழும் விதம் பொய், பார்டரின் அகலம் பொய், சில சமயம் நிறமே பொய். பார்சல் பிரித்ததும் வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். ஏஐ படம் போட்டால் அப்படியே எழுதுங்கள், கூடவே வெயில் வெளிச்சத்தில் எடுத்த நிஜ வீடியோ ஒன்றையும் போடுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். காசோ இலவசச் சேலையோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால், அது விளம்பரம் என்று எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, லைவில் என்றால் அந்த அறிவிப்பு முழு நேரமும் திரையில் தெரிய வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று பலர் போடுகிறார்களே, கிழிந்த சேலையை அனுப்பிவிட்டு அதைச் சொல்லித் தப்ப முடியாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்பது நியாயம்தான். அதை அனுப்பியவருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. வாங்குபவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் செய்யலாம். போலிப் பக்கத்தில் பணம் கட்டி ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். விற்பவர்களும் பேமெண்ட் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பாதீர்கள், உங்கள் கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி: விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? முதலில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். காசு கொடுக்காமல் நன்றாக ஓடிய வீடியோ ஒன்று உங்களிடம் இருந்தால், அதை மட்டும் எடுத்துச் சிறு தொகையில் பூஸ்ட் செய்து, அதாவது செயலிக்குக் காசு கட்டி மேலும் பலருக்குக் காட்டச் செய்து பாருங்கள். லைக்கை எண்ணாதீர்கள். எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், கொரியர் செலவு போக ஒரு சேலைக்கு என்ன மிஞ்சியது என்று அதே நோட்டில் எழுதுங்கள். விளம்பரச் செலவு அந்த மிச்சத்தைத் தாண்டினால் அன்றே நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களில் பத்துப் பேருக்குப் போன் போட்டு, சேலை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். நன்றி, வணக்கம்.