கேஸ் குறையவில்லை, தண்ணீர் புகுந்திருக்கிறது

(காட்சி: பின்பக்கம் திருப்பி வைத்த ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கேஜ் முள் மிக அருகில்.)

இந்த முள்ளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சக்ஷன் பக்கம், அதாவது கம்ப்ரெஸர் கேஸை இழுக்கும் பக்கம், ஆர் 134ஏ கேஸ், அழுத்தம் 5 பிஎஸ்ஐ காட்டுகிறது. ஃப்ரீஸரில் பனி அழகாகப் பிடிக்கிறது, கையை வைத்தால் விரல் ஒட்டுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது நிமிஷம் கழித்து அதே முள் பூஜ்யத்துக்குக் கீழே படுத்துக் கிடக்கிறது, கம்ப்ரெஸர் பாட்டுக்கு ஓடுகிறது, ஆனால் ஃப்ரீஸருக்குள் காதை வைத்தால் அந்த 'ஸ்ஸ்' சத்தத்தைக் காணோம். ஆஃப் செய்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டால் திரும்பவும் 5, திரும்பவும் பனி, அப்புறம் திரும்பவும் அதே கதை.

இதைக் கொண்டுவந்த அக்கா என்னிடம் வருவதற்கு முன் இரண்டு பேர் இதற்கு கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரிட்ஜ் எப்போதும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும், இப்படி நன்றாக ஓடி, நின்று, திரும்ப நன்றாக ஓடாது. இது கேபிலரியின், அதாவது கேஸை ஃப்ரீஸருக்குள் விடும் மெல்லிய குழாயின், வாயில் தண்ணீர் உறைந்து அடைப்பது. நின்றால் உருகுகிறது, ஓடினால் உறைகிறது, அவ்வளவுதான்.

சந்தேகமாக இருந்தால் இப்படிப் பாருங்கள்.

(காட்சி: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை கேபிலரி ஃப்ரீஸரில் சேரும் இடத்தில் சுற்றுகிறார்.)

அடைத்துக்கொண்ட நேரத்தில் சுடுதண்ணீர்த் துணியை அந்த இடத்தில் சுற்றுங்கள். அரை நிமிஷத்தில் 'புஸ்' என்று சத்தம் வந்து முள் எழுந்தால் தண்ணீர்தான். எத்தனை துணி சுற்றியும் எழவில்லை என்றால் தூசி, கரி, ஆயில் பிசின் ஏதோ உட்கார்ந்திருக்கிறது, அது வேறு வீடியோ. வெல்டிங் டார்ச்சின் நெருப்பை வைத்துச் சூடு காட்டாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சரி, இரும்பும் செம்புமாக மூடிக் கிடக்கும் குழாய்க்குள் தண்ணீர் எப்படிப் போனது? நம் ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் மழை, இன்னொரு பக்கம் கரண்ட் கட். அக்கா வீட்டில் நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை, ஐஸ் பாதி உருகி, கரண்ட் வந்ததும் மீன் பையோடு சேர்ந்து பாறையாக இறுகிவிட்டது. கத்தியை எடுத்துக் குத்தியிருக்கிறார். புஸ்ஸென்று கேஸ் போயிருக்கிறது, ஓட்டையில் ஏதோ பசையை அப்பிவிட்டு ஃப்ரிட்ஜை ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார். கேஸ் போன பிறகும் கம்ப்ரெஸர் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அந்த ஓட்டை வழியாக ஃப்ரீஸர் தரையில் தேங்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் தலையில் ஊற்றுவார்களே, அதைப்போல உள்ளே ஊற்றியிருக்கிறோம்.

ஆனால் கத்தி வேண்டியதில்லை, நம் கையாலேயே நடக்கும். ஜூலை மாதம் 30 டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 27 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 27 மில்லிகிராம். 'இது ஒரு தண்ணீரா' என்பீர்கள். சின்ன ஃப்ரிட்ஜில் மொத்த கேஸே 100 கிராம்தான். புது ஆர் 134ஏ கேஸில் இருக்கக்கூடிய ஈரம் எடைக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது அந்த 100 கிராமுக்கு ஒரே ஒரு மில்லிகிராம். கம்ப்ரெஸர் கூட்டையும் சேர்த்தால் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் இடம் இருக்கிறது, அது நிறைய மழைக்காலக் காற்றை அடைத்து, மேலே கேஸை ஏற்றினால் அளவைப்போல் 27 மடங்கு போட்டாயிற்று. குழாயை வெட்டிவிட்டு சாப்பிடப் போகிற தம்பிகளுக்காகத்தான் இந்தக் கணக்கு.

உறைந்து அடைப்பது உண்மையில் நல்ல வியாதி, ஏனென்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. காட்டிக்கொடுக்காத வியாதி ஆயிலில் நடக்கிறது. ஆர் 134ஏ-வோடு வரும் பாலியால் எஸ்டர் ஆயில் ஈரத்தைக் கண்டால் விடாது, திறந்து வைத்த டின் காற்றிலிருந்தே குடித்துக்கொள்ளும். தண்ணீரும் அந்த ஆயிலும் சூட்டில் சேர்ந்தால் ஆயில் உடைந்து அமிலமாகிறது. அமிலம் குழாயின் செம்பைக் கரைத்துக் கொண்டுபோய் கம்ப்ரெஸருக்குள் சூடான இரும்பின் மேல் பூசுகிறது. இதோ.

(காட்சி: அறுத்துத் திறந்த பழைய கம்ப்ரெஸர். ஷாஃப்டின் மேல் செம்பு நிறம்.)

இது ஸ்டீல் ஷாஃப்ட். வெள்ளையாக இருக்க வேண்டியது, புதுச் செம்புக் குடம் மாதிரி மினுங்குகிறது. இந்தப் பூச்சு ஏற ஏற இடைவெளி குறைந்து ஷாஃப்ட் இறுகும், இன்னொரு பக்கம் மோட்டார் கம்பிச் சுற்றின் (வைண்டிங்) வார்னிஷை அமிலம் தின்னும், ஒருநாள் எரிந்துபோகும். அப்போது எல்லாரும் கரண்டைத் திட்டுவார்கள்.

இதற்குச் சிலர் ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் மெத்தனால் ஏற்றிவிடுவது. உறையாமல் இருக்கும், வாஸ்தவம். தண்ணீர் எங்கே போனது? அங்கேயேதான் இருக்கிறது, கூடவே அலுமினிய ஃப்ரீஸரை அரிக்க மெத்தனாலும் சேர்ந்துகொண்டது. என் கடையில் அந்த பாட்டிலுக்கு இடம் கிடையாது.

வேலைக்கு வருவோம். மிச்ச கேஸை சிலிண்டரில் பிடித்தாயிற்று. பழைய டிரையரை, அதாவது குழாயில் ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியை, டார்ச்சால் உருக்கி எடுக்காதீர்கள், கட்டரால் வெட்டுங்கள். இத்தனை நாள் அது குடித்து வைத்த ஈரம், சூடு பட்டதும் திரும்பக் குழாய்க்குள்தான் போகும். பிறகு நைட்ரஜன். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைத் தொடவே கூடாது, உள்ளே இருப்பது 150 பார் அளவுக்கான அழுத்தம். ஃப்ரீஸர் பக்கம் 10 பாரைத் தாண்டாதீர்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்ஸிஜனை மாட்டினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும், அந்த யோசனையே வேண்டாம். ஊதும்போது முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன், பாருங்கள், ஈரம் மட்டுமில்லை, சொட்டுகிறது.

கம்ப்ரெஸரைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஆயில் பால் ஊற்றிய டீ நிறம். வந்ததை அளந்து அதே அளவு புது ஆயில், அப்போது திறந்த டின்னிலிருந்து. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எஸ்டர் ஆயிலுக்குள் கலந்துவிட்ட ஈரத்தை வேக்யூம் பம்ப்பால் இழுத்துவிட முடியாது. ஆயிலை மாற்றாமல் நாள் முழுக்க பம்ப் ஓட்டினாலும் சரி, பாதி வேலைதான்.

வேக்யூம் என்றால் என்ன செய்கிறோம்? தண்ணீரை உறிஞ்சவில்லை, கொதிக்க வைக்கிறோம். வேக்யூமின் அழுத்தத்தை மைக்ரானில் அளக்கிறோம், எண் குறையக் குறைய வேக்யூம் ஆழம். 25 டிகிரியில் அழுத்தம் சுமார் 24,000 மைக்ரானுக்கு இறங்கினாலே தண்ணீர் கொதிக்கும். அப்போது ஒரு கிராம், அதாவது சுமார் இருபது சொட்டு, 43 லிட்டர் ஆவியாகிறது. 500 மைக்ரானில் அதே ஒரு கிராம் 2,000 லிட்டருக்கு மேல். மூன்று சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு மூன்று கன அடி) பம்ப் நிமிஷத்துக்கு 85 லிட்டர் இழுக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும், ஆனால் மெல்லிய ஹோஸில், குழாய் வாயில் இருக்கும் ஊசி வால்வைக்கூடக் கழற்றாமல் மாட்டினால் அதில் சிறு பங்குதான் வந்து சேரும். அதனால் 'அரை மணி நேரம் போட்டேன் அண்ணே' என்று யாராவது சொன்னால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. எத்தனை மைக்ரான் என்று சொல்லுங்கள். கேஸ் ஏற்ற வழக்கமாக மாட்டும் மேனிஃபோல்டு கேஜை நம்ப முடியாது, நமக்கு வேண்டிய சங்கதி முழுக்க அதன் கடைசி ஒரு இன்ச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. மைக்ரான் கேஜ் வேண்டும்.

இன்னொரு குசும்பும் உண்டு. தேங்கிய தண்ணீர் வேகமாகக் கொதித்தால் தானே குளிர்ந்து, சுமார் 4,600 மைக்ரானுக்குக் கீழே போனதும் ஐஸாகிவிடும். ஐஸ் மெதுவாகத்தான் ஆவியாகும், கேஜ் நல்ல நம்பர் காட்டி ஏமாற்றும். அதனால் ஃப்ரீஸருக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள், 1,500 மைக்ரான் வந்ததும் நைட்ரஜனை விட்டு வேக்யூமை உடையுங்கள், திரும்ப இழுங்கள், திரும்ப உடையுங்கள், மூன்றாம் முறை 500-க்குக் கீழே. கேபிலரி நடுவில் குறுகலாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஹோஸ் போட்டு இழுப்பதுதான் நியாயம். பம்ப் ஆயில் வெளுத்துப்போனால் மாற்றுங்கள், ஈரத்தைக் குடித்த ஆயில் ஆழமாக இழுக்காது.

பம்ப் ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, போனால், திரும்பிப் பாயாமல் தடுக்கும் செக் வால்வு இல்லாத பம்ப்பின் ஆயிலை ஃப்ரிட்ஜ் உள்ளே இழுத்துக்கொள்ளும். கரண்ட் போனதும் வால்வை மூடுங்கள், லைட்டைத் தேடுவதெல்லாம் அப்புறம்.

500-க்குக் கீழே வந்ததும் பம்ப்பைத் தனியாக்கி விட்டுப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் லீக். 1,000, 1,500 என்று ஏறி அங்கேயே நின்றால் ஈரம் இன்னும் மிச்சம், திரும்ப இழுக்க வேண்டியதுதான்.

டிரையர் விஷயம் சின்னது. வேக்யூமுக்கு முன், கடைசி வெல்டிங்காக அதை வையுங்கள், மூடியை அந்த நிமிஷம்தான் கழற்ற வேண்டும். கேபிலரி பக்கம் கீழ் நோக்கி இருக்கட்டும், குழாய் முனை டிரையருக்குள் இருக்கும் வலையில் இடிக்கக் கூடாது.

டார்ச் கதை: இப்போதைய புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ, அடுப்பு கேஸுக்குச் சொந்தக்காரன், பற்றிக்கொள்ளும். ஸ்டிக்கரைப் பார்க்காமல் நெருப்புக் காட்டாதீர்கள். அதோடு, அந்த கேஸின் கொதிநிலை -11.7 டிகிரி என்பதால் ஃப்ரீஸர் குளிர்ந்து ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஊசி ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே வருவதற்குப் பதில், மழைக்காலக் காற்று உள்ளே போகும். சோப்பு நுரை வைத்தால் குமிழ் வராது, 'லீக் இல்லை' என்று முடிவு கட்டிவிடுவோம். நிறுத்தி, நைட்ரஜன் ஏற்றி, அப்புறம் நுரை வையுங்கள்.

(காட்சி: அதே கேஜ். பக்கத்தில் சுவர்க் கடிகாரம்.)

தராசில் நிறுத்து கேஸ் ஏற்றி இரண்டு நாள் ஓடவிட்டேன். முள் 5-லேயே நிற்கிறது. ஃப்ரிட்ஜை வாங்க வந்த அக்கா முதலில் கேட்டது, "தம்பி, இனிமேல் ஐஸை எதால் குத்துவது?" மரக்கரண்டியும் ஒரு கிண்ணம் வெந்நீரும் போதும் அக்கா, ஸ்விட்சை அணைத்துவிட்டு கதவைத் திறந்து வையுங்கள் என்றேன். மீன் பையைக் கீழே ஒரு தட்டில் வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.