படைக்காதது

நேயர்களுக்கு வணக்கம்.

"உங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று கொஞ்ச நேரம் பேசுங்கள்" என்று அழைத்திருக்கிறார்கள். கேக், நட்சத்திரம், கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம் நீங்கள் டிவியிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அதனால் நான் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர் ஏரல் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர். ரயில் ஏற வேண்டுமென்றால் நாசரேத்துக்குப் போவோம். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் 'நசரேயனாகிய இயேசு' என்று கேட்டபோது, அவர் நம்ம ஸ்டேஷன் பக்கத்து ஆள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். தேவாலயத்தையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் வீடு வேதக்கார வீடு, எதிர்வீடு சாமி கும்பிடுகிற வீடு. நடுவில் ஒரு பத்தடித் தெரு.

டிசம்பர் 20 வாக்கில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். முதலில் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே முந்திரிப் பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, மில்லில் திரித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகை ஊற்றிச் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். அவசரப்பட்டால் உள்ளங்கை வெந்துவிடும். ஆச்சி கையில் பச்சரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பேசிக்கொண்டே உருட்டுவாள். எங்களுக்கு நாலாவது உருண்டையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் மஞ்சள்தூள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி, ஒட்டினாற்போல எண்ணெயில் விட்டால் திராட்சைக் குலை மாதிரி பொங்கி வரும். எங்கள் வீட்டில் படையல் கிடையாது. ஆகவே சட்டியிலிருந்து எடுத்ததுமே ருசி பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் மேல் பொறாமை உண்டு.

பலகாரம் முழுவதும் வீட்டுக்கு அல்ல. அரங்கு, அதாவது சாமான் வைக்கும் உள்ளறை, அதன் கதவின் பின்பக்கம் ஆச்சி கரியால் கோடு கிழித்து வைத்திருப்பாள். ஒரு கோடு ஒரு வீடு. என் சிறுவயதில் 23 கோடு. 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்து, புதுத்துணி கசங்குவதற்குள், நாங்கள் பிள்ளைகள் தட்டோடு கிளம்ப வேண்டும். மூன்று முந்திரிக்கொத்து, இரண்டு அச்சு முறுக்கு, ஒரு பிடி கை முறுக்கு, ஒரு துண்டு கேக், ஒரு பழம். மேலே துண்டு மூடியிருக்கும். வழியில் மூடியைத் திறந்தால் ஆச்சிக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

அச்சு முறுக்கில்தான் ஒரு சிக்கல். எங்கள் வீட்டுக் கைப்பக்குவத்தில் அதில் முட்டை உண்டு. கேக்கிலும் முட்டை. கிறிஸ்மஸ் வருவதோ மார்கழியில். எதிர்வீட்டுப் பெரியப்பா கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் மண்டல பூஜை முடிகிறவரை, அதாவது கிறிஸ்மஸைத் தாண்டித்தான் கழற்றுவார். அந்த வீட்டில் அத்தனை நாளும் முட்டை வாசமே ஆகாது. இதற்காக ஆச்சி, முட்டையைத் தொடுவதற்கு முன்னால், வேறு சட்டி வைத்து, புது எண்ணெய் ஊற்றி, தேங்காய்ப் பாலில் மாவு கரைத்து, முட்டையில்லாமல் ஓர் ஈடு அச்சு முறுக்கு போடுவாள். அச்சைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான். அந்தத் தட்டை எங்களிடம் கொடுக்க மாட்டாள். தானே தெருவைத் தாண்டிப் போய் வாசலில் நின்று, "மதினி, இது முட்டை போடாதது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள்.

இதற்கு மறுபக்கம் தீபாவளியில் நடக்கும். வேதக்கார வீடுகள் பலவற்றில் படைத்த பலகாரத்தைச் சாப்பிட மாட்டார்கள். எங்கள் ஆச்சி இதில் ரொம்பக் கண்டிப்பு. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், அதாவது கடிதத்தில், எட்டாம் அதிகாரம் முழுக்க இந்தப் பேச்சுதான். படைத்ததைத் தின்னலாமா கூடாதா, தின்றால் பக்கத்தில் இருப்பவன் மனசு என்ன ஆகும் என்று. கொரிந்து சபையில் அது எப்படி முடிந்ததோ, எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பெரியம்மை முடித்துவைத்தாள். சாமிக்கு எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டுப் பங்கைத் தனித் தூக்குச்சட்டியில் எடுத்து வைத்துவிடுவாள். வாசலுக்கு வந்து, "மதினி, இது படைக்காதது" என்பாள். விளக்கம், மன்னிப்பு, வருத்தம் எதுவும் கிடையாது. அந்த ஒரு சொல்தான். இருவரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை.

ஏனத்தை, அதாவது பலகாரம் வந்த பாத்திரத்தை, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுச் சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள்.

வீட்டுக்குள்ளேயும் இப்படி ஓர் ஒத்துப்போதல் நடந்தது. சித்தப்பா கல்யாணம் முடித்தது கடற்கரைக் கத்தோலிக்க வீட்டில். எங்கள் வீட்டில் அதுவரை குடில் கிடையாது, மூங்கில் பிளாச்சில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம் மட்டும்தான். 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் குடில் காட்சி அமைத்ததிலிருந்து அந்தப் பழக்கம் பரவியது என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர 750 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! சித்தி டிசம்பர் முதல் வாரமே ஒரு தாம்பாளத்தில் கேழ்வரகு விதைத்தாள், புல்தரைக்காக. ஆச்சி வாயே திறக்கவில்லை. சுரூபம், அதாவது சிலை, வைப்பது அவளுக்குப் பிடிக்காது. பத்து நாளில் பச்சைப் பசேலென்று முளைத்தபோது, மெல்ல வந்து பார்த்துவிட்டு, "தண்ணி அதிகமா ஊத்தாதே, அழுகிப்போகும்" என்றாள். அவ்வளவுதான், குடில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 24-ஆம் தேதி நள்ளிரவு வரை பாலன் இயேசு இருக்க வேண்டிய இடம் வைக்கோலோடு வெறுமனே இருக்கும். அதை எட்டி எட்டிப் பார்ப்பதே எங்களுக்கு வேலை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொட்டும் பனியில் கேரல் பாட வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி, வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை, புது வருஷ வாக்குத்தத்த அட்டை, ஜனவரி ஆறு கழித்து நட்சத்திரத்தை இறக்குவது. இறக்கும்போது பாதித் தாள் மழையில் போயிருக்கும்.

மழை என்றதும் 2023 ஞாபகம் வருகிறது. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். திரித்து வைத்த பயற்றமாவு, கருப்பட்டி, குடிலுக்கு விதைத்த கேழ்வரகு எல்லாம் போயிற்று. ஆச்சியும் எதிர்வீட்டுப் பெரியம்மையும் இப்போது இல்லை. அரங்குக் கதவில் ஆச்சி கிழித்த கோடுகளுக்கு மேல் என் அம்மா கிழித்தவை, அதற்கு மேல் நான் கிழித்தவை இருந்தன. சேறு வடிந்த பிறகு பார்த்தால் கதவு சுத்தமாக இருந்தது.

25-ஆம் தேதி ஆராதனைக்குப் பழைய சேலையில் போய்விட்டு வந்தோம். அன்றுவரை எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மருமகள் தெருவைத் தாண்டி வந்தாள். அவர்கள் வீட்டிலும் அதே இடுப்பளவு தண்ணீர்தான். கையில் பெரியம்மையின் அந்தப் பழைய தூக்குச்சட்டி. திறந்து பார்த்தால், நிவாரணப் பையில் வந்த இரண்டு பன்னும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். கொடுக்கும்போது பழக்கதோஷத்தில், "மதினி, இது படைக்காதது" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஏனத்தை வெறுமனே திருப்ப முடியாதே. உள்ளே போய்த் தேடினேன். சீனி டப்பாவில் சேறு. 24-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கு வாங்கியதில் மிச்சம் இரண்டு மெழுகுவர்த்தி இருந்தது. அதைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடிக் கொடுத்தேன். அவள் வீட்டுக்காரர் மாலை போட்டிருந்தார். அதனால், "இது முட்டை போடாதது" என்று சொல்லிக் கொடுத்தேன்.

வணக்கம்.