தன் குறையைத் தானே எழுதிக் கொடுக்கும் பள்ளிக்கூடம்! வயது வந்தோர் பள்ளிக்கு அங்கீகாரம் எப்படிக் கிடைக்கிறது?

[திரையில்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதி, பழைய சாமான் கடை ஒன்று, மரப்பெட்டி மேல் தடிமனான ஒரு பேரேடு]

ஒரு பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரக் குழு வரப்போகிறது. குழு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தப் பள்ளி, எங்களிடம் சேர்ந்தவர்களில் இத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், இந்த வகுப்பில் முன்னேற்றம் குறைவு, இந்த வேலைக்கு எங்களிடம் ஆளில்லை என்று எல்லாவற்றையும் தானே எழுதி, சோதிக்க வரப்போகிறவர்களுக்கே அனுப்பி வைக்கிறது. நம் பக்கம் இன்ஸ்பெக்ஷன் என்றால் முதல் நாள் சுவருக்கு வெள்ளையடிப்போம், வராத பையனையும் வீட்டுக்குப் போய் இழுத்து வந்து உட்கார வைப்போம். அங்கே எதற்காக இப்படித் தலைகீழாகச் செய்கிறார்கள்? அதற்குக் கிடைக்கும் பதிலில் நம் சிவகங்கை மாவட்டத்துக்கு உடனே வேண்டிய ஒன்று இருக்கிறது. கடைசி வரை பாருங்கள் மக்களே.

[திரையில்: கலிபோர்னியா வரைபடம்]

நான் சொல்வது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து வயது வந்தோர் பள்ளிகளை. பதினெட்டு வயது தாண்டியவர்கள் படிக்கும் இடம். பிழைக்க வந்த ஊரில் ஆங்கிலம் கற்க வருகிறவர், பாதியில் விட்ட ஹைஸ்கூல் டிப்ளமோவை முடிக்க வருகிறவர், குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகிறவர், தொழில் கற்க வருகிறவர் எல்லாரும் உண்டு. இந்தப் பழக்கம் அங்கே 1856லேயே தொடங்கிவிட்டது: சான் பிரான்சிஸ்கோவில் செயின்ட் மேரி தேவாலயத்தின் நிலவறையில், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை நேரப் பள்ளி நடத்தினார்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி விளக்கடியில் எழுத்துக் கூட்டிய அந்த முதல் மாணவர்களை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

அங்கீகாரம் கொடுப்பது வாஸ்க் என்ற அமைப்பு. மேற்குப் பகுதிப் பள்ளிகளுக்காகவும் கல்லூரிகளுக்காகவும் 1962ல் உருவானது. இந்த முத்திரை இருந்தால்தான் அந்தப் பள்ளி தரும் டிப்ளமோவைக் கல்லூரிகள் தயங்காமல் ஏற்கும். பொதுவாக ஆறு ஆண்டுச் சுற்று, நடுவில் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்கள். பின்னணி இவ்வளவு போதும்.

நம் காரைக்குடிக்காரர்களுக்கு இது முழுக்கப் புதிது இல்லை. 1985ல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம் 2017ல் நாக் என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பிடம் நான்குக்கு 3.64 வாங்கி ஏ பிளஸ் எடுத்ததே, அப்போதும் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது தன்னைப் பற்றிய ஓர் அறிக்கையைத்தான். ஆனால் நாக் பார்ப்பது கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் நடக்கும் எழுத்தறிவு வகுப்பு அதன் கண்ணில் படாது.

[திரையில்: பேரேட்டின் பக்கங்கள் மெதுவாகப் புரள்கின்றன]

இப்போது இந்தப் பேரேட்டுக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது அவ்வளவு பிடிக்கும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் நம் நகரத்தார் வட்டித் தொழிலுக்காகக் கொண்டுவிற்கப் போன காலம் உங்களுக்குத் தெரியும். முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை நடத்துகிற ஏஜெண்டு கடல் தாண்டி ரங்கூனில் இருப்பார். ஒரு ஏஜெண்டு அங்கே இருக்கும் தவணைக்கு ஒரு கணக்கு என்று பேர், பெரும்பாலும் மூன்று ஆண்டு. அடுத்து வருகிற ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பழையவர் கப்பலேற வேண்டும். ஒப்படைப்பது பெட்டிச் சாவியை மட்டும் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தது, வட்டி எவ்வளவு நிற்கிறது, எது வரும், எது இழுக்கும், எது வராது என்று ஐந்தொகை, அதாவது கடைசி இருப்புநிலைக் கணக்கு வரை எழுதி வைக்க வேண்டும். முதலாளி தினமும் நேரில் வந்து பார்க்க முடியாது. அவருக்கு இருக்கும் ஒரே கண் அந்த எழுத்துதான். வராத கடனை வரும் கடன் என்று எழுதி வைத்தால் இன்றைக்கு நன்றாக இருக்கும், அடுத்தவர் வந்து பிரித்தால் எல்லாம் தெரிந்துவிடும். புதிதாக வருகிறவரும் இதே தொழிலில் ஊறியவர், பெட்டியடியில் உட்கார்ந்து படிப்படியாக ஏறி வந்தவர், அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. அதனால் வாராக் கடனைத் தானே முன்வந்து எழுதுகிறவருக்குத்தான் மரியாதை.

வாஸ்க் முறையும் அச்சு அசல் இப்படித்தான் நடக்கிறது. வரும் குழுவில் இருப்பவர்கள் மேலிடத்து அதிகாரிகள் இல்லை, வேறு ஊர் வயது வந்தோர் பள்ளிகளில் வேலை செய்கிற ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும்தான். சம்பளத்துக்கு வருவதில்லை, தொண்டாக வருகிறார்கள். தங்கள் பள்ளியிலும் இதே சிக்கலைப் பார்த்தவர்கள். மாணவர் வராத வகுப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பேரேட்டில் கடன்பட்டவர் வெளியே இருப்பார். பள்ளிக்கூட அறிக்கையில் கடன்பட்டது பள்ளிக்கூடமேதான். நம்பி வந்து உட்கார்ந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோமா என்பதுதான் கணக்கு.

[திரையில்: வட்டமேசை, நாற்காலிகள், நடுவில் காகிதக் கட்டு]

சரி, அறிக்கையை யார் எழுதுகிறார்கள்? தலைமை ஆசிரியர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினால் செல்லாது. ஆசிரியர்கள், அலுவலகத்தில் சேர்க்கை போடுகிறவர்கள், மாணவர்கள் எல்லாரையும் குழுக்களாக உட்கார வைக்க வேண்டும். நோக்கம், நிர்வாகம், ஆசிரியர்கள், பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, தேர்வுகளைப் பயன்படுத்தும் விதம், மாணவருக்கான உதவி, பணமும் இடமும், ஊரோடு உள்ள தொடர்பு, கடைசியாக முன்னேற்றத் திட்டம் என்று பத்து அளவுகோல்களில் எழுதிய அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. பத்தையும் நான் விளக்கப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: சொல்வதற்குச் சான்று வேண்டும். "எங்கள் ஆசிரியர்கள் அர்ப்பணிப்போடு உழைக்கிறார்கள்" என்று எழுதினால், எங்கே காட்டு என்பார்கள். வருகைப் பதிவு, மாணவர் எழுதிய தாள், வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்த குறிப்பு, மாணவரிடம் எடுத்த கருத்து, இவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் நிற்க வேண்டும்.

இப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் வருகிறது. லைக் போடாதவர்கள் இங்கே போட்டுவிட்டுக் கேளுங்கள்.

ஆங்கில வகுப்பில் முன்னேற்றத்தை அளக்க காசாஸ் என்று ஒரு தேர்வு வைக்கிறார்கள். சேரும்போது ஒரு முறை, படித்த பிறகு இன்னொரு முறை. இரண்டாவது தேர்வை எழுபது முதல் நூறு மணி நேரம் வகுப்பு முடிந்த பிறகு வைக்கச் சொல்கிறார்கள், குறைந்தது நாற்பது மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நியாயம்தான், நேற்றுச் சேர்ந்தவரிடம் இன்றைக்கு என்ன முன்னேற்றம் பார்க்க முடியும்? ஆனால் யோசித்துப் பாருங்கள். இருபது மணி நேரத்தில் நின்றுவிட்ட ஒருவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்! பள்ளி "எங்கள் மாணவர்கள் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள்" என்று எழுதினால் அது பொய் இல்லை, ஆனால் தங்கியவர்களை மட்டும் வைத்துச் சொன்ன உண்மை. போனவர்கள் எங்கே?

குழந்தைகள் பள்ளியில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. பையன் நாலு நாள் வராவிட்டால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். வளர்ந்தவரை யார் கூப்பிடுவது? அவர் சண்டை போடமாட்டார், புகார் எழுதமாட்டார், பேசாமல் வருவதை நிறுத்திவிடுவார். வேலையில் ஷிப்ட் மாறியிருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது, பஸ் கிடைக்காது, அல்லது வகுப்பில் ஏதோ ஒரு நாள் கூச்சப்பட்டிருப்பார். வருடத்தின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்று வைத்திருக்கும் வகுப்புகளில் இன்னும் மோசம், வாரம் இரண்டு பேர் வர இரண்டு பேர் போக, நாற்காலி நிறைந்தே இருக்கும். நின்றவர் நின்றது கண்ணுக்கே தெரியாது.

அதனால் ஒரு வயது வந்தோர் பள்ளி தன்னை உண்மையாக மதிப்பிடுகிறதா என்று அறிய நான் முதலில் தேடுவது இந்த ஒரு பக்கத்தைத்தான். எத்தனை பேர் இரண்டாவது தேர்வுக்கு முன்பே நின்றார்கள், எந்த வகுப்பில், எத்தனையாவது வாரத்தில், அவர்களில் யாரிடமாவது ஏன் என்று கேட்டார்களா. இந்தப் பக்கம் இல்லாத அறிக்கை எத்தனை வண்ணப்படத்தோடு வந்தாலும் என் பார்வையில் பாதி அறிக்கைதான்.

கருத்துக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலம் தெரியாமல் படிக்க வந்தவரிடம் ஆங்கிலத்தில் படிவம் நீட்டினால் என்ன வரும்? எல்லாவற்றுக்கும் "நன்று" என்று டிக் அடித்துவிட்டுப் போவார். அவரவர் தாய்மொழியில் கேட்க வேண்டும்.

பிறகு குழு வரும், சில நாள் தங்கும், மாலை வகுப்பு வரை உட்கார்ந்து பார்க்கும், மாணவர்களிடம் பேசும், கிளம்பும் முன் தான் கண்டதை ஊழியர்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போகும். முடிவு சொல்வது வாஸ்க் அமைப்பின் ஆணையம். யார், எதை, எப்போதுக்குள், எந்தப் பணத்தில் செய்வது என்று பள்ளி எழுதிய திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடுவில் மறுபடி வந்து கேட்பார்கள்.

[திரையில்: மண்சாலையில் சைக்கிள் ஓட்டும் பெண்கள், கோட்டோவியம்]

இனி நம் ஊர். 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்க வந்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ராயவரம், கடியாபட்டி என்று செட்டிநாட்டு ஊர்கள் சில அந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. சைக்கிளில் ஏறிச் சந்தைக்கும் வேலைக்கும் தனியாகப் போன அந்தப் பெண்களின் முன்னேற்றம் எந்த வினாத்தாளில் பிடிபடும்?

இன்றைக்கு நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன்னார்வலர்கள் சொல்லித் தருகிறார்கள். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு: வாசிக்க 50, எழுத 50, கணக்கு 50. இது கற்றவரை அளக்கிறது. கற்பித்த மையத்தை அளக்கவில்லை. ஆச்சி ஒருவர் தேறினார் என்று சொல்லும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் ஐப்பசி மழைக்குப் பிறகு ஏன் வரவில்லை என்று சொல்லாது.

எனவே இதைப் பார்க்கும் தன்னார்வலர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கீகாரம், குழு, கையேடு எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சேர்ந்த எல்லார் பேரும், நின்ற எல்லார் பேரும், நின்ற தேதியும் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்கு நடந்து போய், படிவம் எதுவும் இல்லாமல், வாயால் கேளுங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும், "வகுப்பை எந்த நேரத்துக்கு வச்சா உங்களுக்குத் தோதாக இருக்கும்?" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அடுத்த ஊர்த் தன்னார்வலரிடம் அந்த நோட்டைக் கொடுத்து, அவர் நோட்டை நீங்கள் வாங்கிப் படியுங்கள். பள்ளத்தூர்க்காரர் கோட்டையூர் நோட்டைப் பார்க்கட்டும், கோட்டையூர்க்காரர் பள்ளத்தூர் நோட்டைப் பார்க்கட்டும்.

உங்கள் அப்பத்தாவோ ஆயாவோ அறிவொளி வகுப்புக்குப் போயிருந்தால், எதனால் போனார்கள், எதனால் நின்றார்கள் என்று கேட்டு கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். நோட்டுப் போட்டுப் பார்த்த தன்னார்வலர்கள் இருந்தால் முதல் இரண்டு மாதத்தில் என்ன தெரிந்தது என்று சொல்லுங்கள், அடுத்த வீடியோ அதை வைத்துத்தான். சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள், வணக்கம்.