நாலு பேர், ஒரு வாடகை வீடு, ஒரு கேரம் பலகை

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் நம் கெடா மாநிலத்தின் உள்தோட்டங்களிலிருந்தும், பேராக், ஜொகூர் என்று தூரத்து ஊர்களிலிருந்தும் வேலைக்காகவோ படிப்புக்காகவோ சுங்கை பட்டாணிக்கு வந்து, தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் நாலு பேர் ஐந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இன்றைய பேச்சு. பெற்றோரும் கேட்கலாம். பிள்ளையை அனுப்பும்போது மெத்தை, வாளி, ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் கட்டிக் கொடுக்கிறீர்கள். இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.

தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டோடு பழக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் நின்றாலே பழக்கம். தாமான் வீடு அப்படியில்லை. ஒருவருக்குக் காலை ஷிப்டு, ஒருவருக்கு இரவு ஷிப்டு, ஒருவர் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எதிர் அறைக்காரருக்கு அண்ணன் தம்பி உண்டா என்றுகூடத் தெரியாது. மனம்விட்டுப் பேசினால் சரியாகிவிடும் என்பார்கள். யாரோ பெயர் தெரியாதவரிடம் மனத்தை எப்படி விடுவது? பேச்சு தானாகப் பின்னால் வரும். முதலில் பணக் கணக்கு நேராக வேண்டும், அப்புறம் ஒரு பானை, அப்புறம் ஒரு விளையாட்டு, அதற்கப்புறம் ஊர் சுற்றலாம். பேச்சையும் அதே வரிசையில் கொண்டுபோகிறேன்.

பணம். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. வாடகை 800 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்றால் சாவி கைக்கு வருமுன் 2,800 வெள்ளி போய்விடும். நாலு பேருக்கு ஆளுக்கு 700. சண்டை வருவது குடிபோகும்போது இல்லை, ஒருவர் கிளம்பும்போது. ஆறாம் மாதம் ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது, “என் வைப்புத்தொகையைக் கொடுங்கள்” என்கிறார். பணம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, மற்ற மூவர் எங்கே போவார்கள்? ஆகவே முதல் வாரமே ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்: கிளம்புகிறவர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அவர் இடத்துக்கு வருகிறவர் கிளம்புகிறவரிடமே அந்த 500-ஐ, அதாவது வைப்புத்தொகைப் பங்கை, நேரே கொடுக்க வேண்டும். 700-இல் 200 முதல் மாத வாடகை, அது திரும்பாது. இதை மறந்துவிட்டு முழு 700-ஐயும் கேட்பவர்கள் உண்டு.

அடுத்து வீட்டு டபோங், அதாவது பொது உண்டியல். அரிசி, எண்ணெய், கேஸ், பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை, இந்த ஐந்துக்கு மட்டும் ஒரு பொதுப் பணம். தலைக்கு 40 வெள்ளி போட்டால் நாலு பேருக்கு 160. வீட்டுக்கு வாங்கும் 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு, வீடுவரை கொண்டுவருவதற்குக் கூலி தனி. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. மிச்சத்தில் அரிசியும் சோப்பும் தாராளமாக வந்துவிடும். எந்தத் தேதியில் வசூலிப்பது? எட்டாம் தேதி. ஏனென்றால் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமே சொல்கிறது. எட்டாம் தேதி “கையில் காசில்லை” என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. மைலோ, பிஸ்கட், முட்டை இதெல்லாம் டபோங்கில் சேராது. மைலோவைப் பொதுவில் வைத்தால் பத்து நாளில் டின் காலி, யார் குடித்தது என்று விசாரணை நடக்கும். அவரவர் மைலோ அவரவர் அறையில்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட் இழுக்கும். இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட். காற்றாடி அதே எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்தான். ஆகக் காற்றாடி அறைக்காரரும் ஏர்கோன் அறைக்காரரும் பில்லைச் சமமாகப் பிரிப்பது நியாயமில்லை, அது உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். ஏர்கோன் ஓடாத ஒரு மாதத்துப் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறும் தொகை ஏர்கோன்காரருடையது. சொல்ல வெட்கமாக இருக்கும், ஆனால் முதல் மாதம் சொல்வது எளிது. ஆறாம் மாதம் சொன்னால் அது சண்டை.

சரி, பானைக்கு வருவோம். தினமும் சேர்ந்து சமைக்கிறோம் என்று ஆரம்பிப்பவர்கள் இரண்டாம் வாரம் நிறுத்திவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். ஆனால் அந்த நாள் மாறக் கூடாது. அரிசிக் குக்கரோடு வரும் கப்பில் மூன்று கப், கிட்டத்தட்ட 450 கிராம், நாலு பேருக்குச் சரியாக இருக்கும். பருப்பு, பொரித்த முட்டை, நெத்திலிச் சம்பல். சம்பலில் அவசரம் கூடாது. சிறு தீயில் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிண்ட வேண்டும், கால் மணி நேரத்துக்குக் குறையாது. பாதியில் இறக்கினால் மிளகாய் பச்சை வாடை அடிக்கும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிறவர் இருமி எழுந்து வருவது நல்ல ஆரம்பமில்லை.

வீட்டில் மலாய்த் தோழர் ஒருவர் இருந்தால், பானை விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். எல்லா இறைச்சியும் ஹலால் கடையில், வீட்டுக்குள் பன்றியும் வேண்டாம் மாடும் வேண்டாம் என்று முடிவு செய்தால் ஒரே சட்டியில் எல்லாரும் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவருக்கு மட்டும் ஒரு சிறு சட்டியும் ஒரு கரண்டியும் தனியாக இருக்கட்டும். இன்னொன்று: மிஞ்சிய சோற்றைக் குக்கரை அணைத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் சோற்றில் கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாகும், காலையில் சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது. வாந்திதான். ஒன்று குக்கரைச் சூட்டிலேயே வைத்திருங்கள், இல்லையென்றால் ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நிலைய நண்பர்கள் சிரிக்கிறார்கள், இதைத்தான் சொல்லப் போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். புது வீட்டுக்குப் பெரிய டிவி வாங்காதீர்கள். ஒரு கேரம் பலகை வாங்குங்கள். டிவி முன்னால் நாலு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருவார்கள். கேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் உட்கார முடியும். கூச்சக்காரர் பேச வேண்டியதில்லை, அடித்தால் போதும். தமிழ் தெரியாதவருக்கும் அரை மணி நேரத்தில் ஆட்டம் புரியும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. சிவப்பை எடுத்தால் அதைத் தொடர்ந்து சொந்தக் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் சிவப்பு நடுவுக்குத் திரும்பும். எதிராளிக்குப் பலகையில் மிஞ்சிய காய்க்கு ஒரு புள்ளி, சிவப்புக்கு மூன்று, 25 புள்ளி எடுத்தால் ஆட்டம். சொல்லிக் கொடுக்க இவ்வளவுதான் இருக்கிறது.

பழைய பலகையே வாங்கலாம், ஆனால் சோதித்து வாங்குங்கள். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம் இருக்க வேண்டும். சிறுவர்களுக்கான சின்னப் பலகையில் நாலு பெரியவர்களின் கைமுட்டி இடிக்கும். நடுவில் ஒரு கோலிக்குண்டு வையுங்கள். உருண்டு ஓடினால் பலகை வளைந்திருக்கிறது. பிறகு 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கத்திலிருந்து பலமாகச் சுண்டுங்கள். எதிர்ச் சட்டத்தில் மோதி, இந்தப் பக்கம் வந்து, மறுபடி போய், இப்படிக் குறைந்தது மூன்றரை தடவை ஓடினால் சட்டமும் பரப்பும் நன்றாக இருக்கிறது. போட்டி விதியிலும் இதுதான் அளவு. இரண்டு தடவையிலேயே நின்றால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது, எவ்வளவு பவுடர் போட்டாலும் பயனில்லை.

பவுடர் என்றதும் ஒரு எச்சரிக்கை. அரிசி மாவு, சோள மாவு போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கட்டிக்கொள்ளும், மறுநாள் பலகை முழுக்க எறும்பு. கேரத்துக்கென்று விற்கும் போரிக் பவுடரைச் சிட்டிகை அளவு தூவித் தேய்த்தால் போதும். அதன் டப்பாவைச் சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். பார்க்க உப்பு, மாவு மாதிரி இருக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம். ஆட்டம் முடிந்து கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. சிமெண்டுத் தரையில் கொட்டிய பவுடரை உடனே துடையுங்கள், வழுக்கும்.

பலகையைக் குளியலறைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். விளக்கு பலகைக்கு நேர் மேலே வேண்டும். சுவரோரக் குழல்விளக்கில் ஒரு பக்கம் மட்டும் நிழல் விழும், தோற்றவர் அந்த நிழலையே காரணமாகச் சொல்லுவார். அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு என்றால் பலகைக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள், காய் மோதும் சத்தம் பாதியாகும். பத்தரை மணிக்கு நிறுத்திவிடுங்கள்.

ஜோடி பிரிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நன்றாக ஆடும் இருவரும் சேர்ந்தால் மற்ற இருவரும் இரண்டாம் வாரமே போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்கள். கெட்டிக்காரரும் புதியவரும் ஒரு ஜோடி. வாரா வாரம் ஜோடியை மாற்றுங்கள். ஏற்கெனவே ஒரே தோட்டத்திலிருந்து வந்த நண்பர்கள் இருவரை ஒரே ஜோடியாக விடவே விடாதீர்கள். எதிரெதிர் பக்கம் பிரித்தால்தான் மூன்றாமவருக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கும். பணம் கட்டி ஆடக் கூடாது. தோற்ற ஜோடி தேத்தண்ணீர் கலக்கட்டும். ஏன் பாத்திரம் கழுவச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பாத்திரம் முறை வைத்துக் கழுவ வேண்டிய வேலை. அதைத் தண்டனையாக்கினால் ஆட்டத்தில் தோற்காத அன்றைக்கு யாரும் கழுவ மாட்டார்கள்.

கேரத்தை இதோடு விடுகிறேன். விடுவதற்கு மனமில்லை, கடிகாரம் விடச் சொல்கிறது.

வெளியே போகலாம். முதலில் பொது விடுமுறை நாளைக் கண்டுபிடியுங்கள். கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பல தொழிற்சாலைகளுக்கு ஞாயிறு. பினாங்குக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்குச் சனி, ஞாயிறு. சனிக்கிழமைதான் அதிகம் பேருக்கு ஒத்துவரும், ஞாயிறு மட்டும் விடுமுறை இருப்பவர் அன்றைக்கு லீவு கேட்க வேண்டியிருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை முன்கூட்டியே குறித்துவிடுங்கள், ஓவர்டைம் கேட்பதற்கு முன்னால்.

முதல் பயணம் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது, சுங்கை பட்டாணியிலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பக்கத்திலேயே புக்கிட் பத்து பஹாட் கோயில். 1936, 37-இல் தோண்டி எடுத்தார்கள், 1959, 60-இல் கற்களை மறுபடி அடுக்கினார்கள். விமானம் ஒரு பகுதி, மண்டபம் ஒரு பகுதி என்று தரையமைப்பு தெளிவாகத் தெரியும். மண்டபப் பக்கம் நடந்தால் தூண் நின்ற கல் அடிப்பீடங்கள் வரிசையாக இருக்கும். மேலே இருந்த மரக்கூரை எப்போதோ மக்கிப் போய்விட்டது. 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்து வந்த கடாரம் இந்தப் பக்கம்தான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு இங்கே வராமலே ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மலாய்த் தோழரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் இது அவர் மாநிலத்துக் கதைதான். திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து தூப்பா நீர்வீழ்ச்சி பக்கம். இதை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீர் இறங்கி வரும் குனோங் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். கீழே வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டும். 2021 ஆகஸ்ட் 18 அன்று மலையிலிருந்து மரங்களோடும் பாறைகளோடும் தண்ணீர் இறங்கி யான், மெர்போக் பக்கம் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கேட்டால் அந்த நொடியே வெளியேறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள், பக்கவாட்டில் கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள். செருப்பு, போன், பை எதையும் எடுக்க நிற்க வேண்டாம். மலை உச்சி கறுத்திருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், கரையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

பினாங்கைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று கை காட்டுகிறார்கள். காரில் போகாதீர்கள், ஜார்ஜ்டவுனில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து நடந்துபோய் ஃபெர்ரி. அக்கரையில் இலவச கேட் (CAT) பஸ் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் சாப்பாடு. சாப்பாட்டுச் செலவை டபோங்கில் சேர்க்காதீர்கள், அவரவர் காசு. ஃபெர்ரியின் கடைசி நேரத்தையும் சுங்கை பட்டாணிக்குத் திரும்பும் கடைசி ரயில் நேரத்தையும் காலையில் கிளம்பும்போதே நால்வரின் போனிலும் குறித்து வையுங்கள். ஒருவர் போனில் மட்டும் இருந்தால் அந்தப் போன்தான் முதலில் பேட்டரி தீர்ந்து அணையும். வணக்கம்.