நாம் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா?

(பாளையங்கோட்டையில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது. மேடையில் தாவித் தாவிச் சொன்னதை எழுதும்போது கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, நம் திட்டங்களால் நிஜமாகவே பலன் வந்ததா என்று பார்க்கிற மதிப்பீட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் சொக்கினால் தூங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் ஆண்டறிக்கைகள் எல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கும். இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை பிள்ளைகள் டியூஷனுக்கு வந்தார்கள், இத்தனை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தோம், கலெக்டர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார், அதற்கு ஒரு போட்டோ. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதெல்லாம் நாம் செய்த வேலையின் கணக்கு, எதிரே இருந்தவர் வாழ்க்கையில் என்ன நடந்தது என்ற கணக்கு இதில் எங்கேயும் வராது.

முக்கூடல் பக்கம் ஒரு ஊரில், தையல் பயிற்சி முடித்து மெஷினும் வாங்கிய ஒரு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அறிக்கையில் அவர் பெயர் "சுயதொழில் தொடங்கியவர்" பட்டியலில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். பேசுகிற நேரம் முழுக்க பீடி சுற்றுகிற கை நிற்கவே இல்லை. கிளாஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு சார், டீச்சர் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாவ" என்கிறார். மெஷின் உள்ளே மூலையில் இருக்கிறது, அதன் மேல் அயர்ன்பாக்ஸும் பிள்ளைகளின் ஸ்கூல் பையும். போன வாரம் என்ன தைத்தீர்கள் என்றேன். "பிள்ளை யூனிபார்முக்குப் பட்டன் வச்சேன்." அப்புறம் அவரே சொன்னார்: "இந்தத் தெருவுல எல்லாருக்கும் மெஷின் குடுத்துட்டாவ, யாரு யாருக்கு சார் தைக்கிறது? பீடியில பி.எஃப்.பாவது இருக்கு."

அந்த ஒரு வாக்கியத்தில் முழு மதிப்பீடும் வந்துவிட்டது. ஆனால் பயிற்சி எப்படி இருந்தது என்பதோடு கேள்வியை நிறுத்தியிருந்தால் அது வந்திருக்காது. போன வாரம் என்ன தைத்தீர்கள், யார் காசு கொடுத்தார், எவ்வளவு என்று கேட்க வேண்டும். வேலைவாய்ப்புப் பயிற்சி எதுவானாலும் இதே கதைதான். மத்திய அரசின் தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் திட்டத்தில், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் சேர்க்க வேண்டும், 3 மாதமாவது வேலையில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பணி ஆணை கொடுக்கும் விழாவில் போட்டோ எடுத்ததோடு கணக்கை முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நாலாவது மாதம்? ராதாபுரம், வள்ளியூர் பக்கத்திலிருந்து திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏற்றிவிட்ட பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வந்தார்களே, திரும்பிப் போனார்களா? ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு என்ன அனுப்பினார்கள்? பயிற்சிக்கே வராத பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் என்ன சம்பளம் வாங்குகிறது?

அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இன்றைக்கு என் பேச்சின் கதாநாயகி. நாம் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா என்ற கேள்விக்கு அவளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஐப்பசியில் யாகம் நடத்திவிட்டு, மழை பெய்ததும் யாகத்தால்தான் பெய்தது என்று சொல்பவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் முன்னே இவ்வளவு, பின்னே இவ்வளவு, ஆகவே எங்கள் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கியது. இங்கே இருப்பவர்களில் பலபேர் தன்னார்வலராக இருந்திருப்பீர்கள், உங்கள் வீட்டு மாடியிலேயே சாயங்கால வகுப்பு நடந்திருக்கும். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இந்த இடத்தில் நிறுத்தி, எல்லாம் நம் திட்டத்தால்தான் என்று போஸ்டர் அடித்திருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை, வகுப்புக்குப் போன பிள்ளை, போகாத பிள்ளை என்று பிரித்துக் கணக்குப் போட்டார்கள். மீண்டதில் இந்தத் திட்டத்தின் பங்கு சுமார் 24 சதவீதம் என்று வந்தது. மீதிக்குப் பள்ளி திறந்ததும் மற்றவையும் காரணம். கால்வாசிதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். தெருவில் படித்த ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு சிறு ஊக்கத்தொகை, ஒரு பாய், ஒரு போர்டு, இவ்வளவை வைத்துக்கொண்டு கால்வாசி என்பது என் கணக்கில் பெரிய விஷயம். இது நம்பக்கூடிய எண் என்பதால்தான் அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

எண் இப்படி நல்லபடியாகவே வரும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் கேம்டன் என்று ஒரு ஊர். அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுக்கிற நோயாளிகளைத் தேடிப் பிடித்து, நர்ஸும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கே போய் மருந்து, வீட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட திட்டம், உலகமே பாராட்டியது. முன், பின் என்று மட்டும் பார்த்தால் ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் விகிதம் 38 புள்ளி இறங்கியிருந்தது. பிறகு 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள், முடிவு 2020இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், கவனிப்பு கிடைத்த பக்கம் 62.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த பக்கம் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை! ஏன் என்றால், ஒருவரை அவருடைய மோசமான நேரத்தில் பிடித்துத் திட்டத்தில் சேர்த்தால், நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பலர் அங்கிருந்து கொஞ்சம் தேறித்தான் வருவார்கள். நம் முகாம்களில் சுகர் 300க்கு மேல் இருப்பவரை மட்டும் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் கழித்துக் குறைந்துவிட்டது என்று எழுதுகிறோமே, அந்தக் குறைவில் நம் ஆலோசனையால் வந்தது எவ்வளவு, தானாக இறங்கியது எவ்வளவு? மறுப்பதற்கு ஆள் இல்லாததால் முழுவதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

மருத்துவத்தில் இன்னொரு விஷயம், வந்தவரை மட்டும் எண்ணுவது. அரவிந்த் கண் மருத்துவமனை இங்கே 1988 முதல் இருக்கிறது, அவர்கள் முகாம் போடாத ஊர் குறைவு. முகாம்களில் கூட்டம் அலைமோதும். ஆனால் கண்ணில் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கே வருகிறார்கள் என்று தென்தமிழகக் கிராமங்களில் பார்த்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. நூற்றுக்கு 7 பேர்தான். கூட்டத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஊரிலேயே நிரந்தரமாக இருக்கிற பார்வை மையங்கள் பக்கம் அவர்கள் போனதில் இதற்குப் பங்கு உண்டு. இதே மாதிரி, 2020இல் தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். மாத்திரை எத்தனை பட்டை கொடுத்தோம் என்ற ரிஜிஸ்டரில் இந்த எண் தெரியவே தெரியாது.

சரி, தலைமைப் பண்புப் பயிற்சி. இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதிகம் ஏமாறுகிற இடமே இதுதான். மூன்று நாள் முகாம், கடைசி நாள் மட்டன் பிரியாணி, அது முடிந்ததும் கருத்துப் படிவம். "மிக நன்று" என்று எழுதாமல் யார் எழுந்து போவார்? அந்த "மிக நன்று" எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் 1939இல் 506 பையன்களை வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, பாதிப்பேருக்கு ஐந்து வருஷத்துக்கும் மேலாக ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் எல்லாம். முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற பெண்மணி அவர்களைத் தேடிப் போய் விசாரித்தார். பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டம் எனக்கு உதவியது என்றே சொன்னார்கள். ஆனால் குடிப்பழக்கம், மனநோய், மறுபடி மறுபடி குற்றம், சீக்கிரமே சாவு என்று பல விஷயங்களில் உதவி பெற்றவர்கள் நிலைமைதான் மற்றப் பாதியைவிட மோசமாக இருந்தது. 1978இல் அதை அச்சிலும் போட்டார். நல்ல மனசோடு செய்த காரியம் கெடுதலும் செய்யலாம் என்று நம் துறையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஊராட்சித் தலைவிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் படிவத்தைத் தூக்கி வைத்துவிட்டு கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். அவர் கொண்டுவந்த தீர்மானம் எது, அது என்ன ஆயிற்று, அலுவலகத்தில் போனை எடுப்பது அவரா அவர் வீட்டுக்காரரா. பள்ளிப் பிள்ளைகளுக்கான முகாம் என்றால், நம் மாவட்டத்தில் சாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டுகிற கலர் கயிறு எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரம் பள்ளிக்குப் போய், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று தூரத்திலிருந்து பாருங்கள். எந்தப் படிவத்திலும் பொய் எழுதலாம், தினமும் சாப்பிடுகிற இடத்தில் நடிப்பது கஷ்டம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பீர்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான சி.எஸ்.ஆர். விதிகளில் 2021 முதல் தாக்க மதிப்பீடு கட்டாயம்தான். ஆனால் அது சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனிக்கு, அதுவும் 1 கோடிக்குக் குறையாத திட்டத்துக்கு. இந்த ஹாலில் ஒரு கோடி ரூபாய் திட்டம் யாரிடம் இருக்கிறது? நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் பெரிய ஏஜென்சி பிடிக்காமல் நாமே செய்துகொள்ளலாம். அறுபது இடத்துக்கு நூற்றி இருபது பேர் விண்ணப்பித்தால், தெரிந்தவர் அறிந்தவர் என்று பார்க்காமல், ஊர் முன்னால் குலுக்கல் போடுங்கள். விடுபட்டவர்களுக்கு அடுத்த பேட்ச் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அடுத்த பேட்ச் தொடங்கும் முன் இரண்டு பக்கத்தையும் போய்ப் பார்த்தால் ஒப்பிட ஆள் கிடைத்துவிடும். ஆள் சிபாரிசுத் தொல்லையும் ஒழியும், அதற்காகவாவது செய்யலாம்.

பிள்ளைகளைச் சோதிக்கிறபோது சொந்த டீச்சர் சோதிக்க வேண்டாம். தெரிந்த பாடத்தை ஒப்பித்துவிட்டால் வாசிப்பதாக நினைத்துக்கொள்வோம். எழுத்து, சொல், நாலு வரி, ஒரு சின்னக் கதை, இவ்வளவு போதும், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம். ஆலங்குளத்துப் பிள்ளைகளை வள்ளியூர்க்காரர்கள் சோதிக்கட்டும், வள்ளியூர்ப் பிள்ளைகளை அம்பாசமுத்திரத்தார் பார்க்கட்டும், எண் மோசமாக வந்தால் அதை மாற்றாமல் அப்படியே பண்டிங் கொடுத்தவருக்கு அனுப்புவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். வாசிப்புத் தாளை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன், டீ குடிக்கிற நேரத்தில் யார் எந்த ஊருக்கு என்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.